ஐடில் சோலினாய்டுக்குக் கரண்ட்: காயில் முனையா, ரிலேயா, ஊசியை வெட்டுவதா?

அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. இஞ்சினில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டருக்கு (சுருக்கமாகக் கார்ப்) ஒரு வயர்கூடக் கிடையாது. பெட்ரோல் குழாய், சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கம்பி, அவ்வளவுதான். ஆகவே அந்த வண்டியின் வயரிங்கிலும் கார்ப் பக்கம் எதுவும் வராது. அதில் கான்டெஸாவின் இசுஸு 1.8 இஞ்சினையோ, ஜப்பானிய வழிவந்த வேறு இஞ்சினையோ இறக்கினால்தான் இந்தக் கேள்வி முளைக்கும். அந்தக் கார்ப்களில் பெரும்பாலும் ஐடில் ஜெட் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் வரும் சிறு துளை) பக்கத்தில் ஒற்றை வயரோடு ஒரு சின்ன சோலினாய்டு, அதாவது மின்காந்த வால்வு, இருக்கும். சாவி போட்டால் ஊசி உள்ளே இழுபட்டு ஐடில் பாதை திறக்கும். சாவியை எடுத்தால் மூடும். சென்னை புதுப்பேட்டையில் வாங்கும் பழைய இஞ்சினில் அந்த வயர் நாலு அங்குல வாலோடு வெட்டப்பட்டிருக்கும். அதை எங்கே சேர்ப்பது என்பதுதான் விஷயம்.

சேர்க்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பது எளிது. சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தால் நன்றாகவே ஓடும், காலை எடுத்தால் பொத்தென்று நின்றுவிடும். மெயின் ஜெட் வேலை செய்கிறது, ஐடில் ஜெட் அடைபட்டிருக்கிறது. பலர் இதைக் கார்ப் அடைப்பு என்று எண்ணி மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்வார்கள். கழற்றுவதற்கு முன் கார்ப் அருகே காதை வைத்து, வேறொருவரைச் சாவியை ஆன்-ஆஃப் செய்யச் சொல்லுங்கள். ‘டிக்’ சத்தம் வரவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்க வேண்டாம், மல்டிமீட்டரை எடுங்கள்.

மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து வயர் இழுப்பது, ஃப்யூஸோடு தனி ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போடுவது, சோலினாய்டின் ஊசியை வெட்டிவிட்டு வயரே இல்லாமல் ஓட்டுவது. நான் போட்டிருப்பது ரிலே. ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு அல்ல.

ஊசியை வெட்டுவதை முதலில் முடித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை, நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்கும். ஆனால் சூடான இஞ்சினைச் சாவியால் அணைத்த பிறகும் அது தடதடவென்று சில நொடிகள் ஓடத் தொடங்கலாம். அதைத் தடுக்கத்தானே அந்தச் சோலினாய்டே இருக்கிறது! கியரில் போட்டுக் கிளட்சை விட்டு நிறுத்துகிறவர்களும் உண்டு. வெட்டிய ஊசி திரும்ப ஒட்டாது என்பதால், வேறு வழியே இல்லையென்றால் ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டு வையுங்கள்.

காயில் முனைதான் எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம். பக்கத்திலேயே இருக்கிறது, சாவியோடு வந்து போகிறது, அரை மீட்டர் வயர் போதும். இது சரியா தவறா என்பதை ஒரே ஒரு கேள்வி தீர்மானிக்கிறது: உங்கள் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) இருக்கிறதா? காயிலின் இரு முனை வயர்களையும் கழற்றிவிட்டு அவற்றுக்கிடையே ஓம் பாருங்கள். 3 ஓம் பக்கம் காட்டினால் அது நேரடி 12 வோல்ட் காயில், பேலஸ்ட் தேவையில்லை. காயில் முனையிலிருந்து இழுத்தாலும் சோலினாய்டு வேலை செய்யும். 1.5 ஓம் காட்டினால் எங்கோ ஒரு பேலஸ்ட் இருக்கிறது, அல்லது இருந்தாக வேண்டும். அது வெள்ளைப் பீங்கான் துண்டாகத் தெரியலாம். வயரிங்குக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் வயராக ஒளிந்தும் இருக்கலாம்.

பேலஸ்ட்டும் 1.5 ஓம், காயிலும் 1.5 ஓம் என்றால், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்) மூடியிருக்கும்போது 12 வோல்ட்டில் பாதிதான் காயில் முனையில் நிற்கும்: 6 வோல்ட். பாயிண்ட் திறந்தால் கரண்ட் ஓடாது, ஆகவே முழு 12 காட்டும். மெக்கானிக் ஏமாறுவது இங்கேதான். இஞ்சின் நின்ற நிலையில் பாயிண்ட் தற்செயலாகத் திறந்திருந்தால், மீட்டர் 12 காட்டும். ‘கரண்ட் சரியா வருது, சோலினாய்டு போச்சு’ என்று புதுசு வாங்க வைத்துவிடுவார். இஞ்சின் ஓடும்போது அதே முனையில் சராசரியாக 9 வோல்ட் பக்கம்தான் இருக்கும்.

9 வோல்ட் போதாதா என்றால், குளிர்ந்த இஞ்சினில் பெரும்பாலும் போதும். சோலினாய்டு உட்கார்ந்திருப்பது இன்டேக் மேனிஃபோல்டுக்கு மேலே. அதன் செம்புச் சுற்று 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 31 சதவீதம் ஏறும். 9 வோல்ட்டும் இந்தச் சூடும் சேர்ந்தால், குளிரில் 12 வோல்ட்டில் ஓடும் கரண்டில் 57 சதவீதம்தான் மிஞ்சும். இழுவிசை ஏறக்குறைய கரண்டின் வர்க்கத்தோடு போவதால் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஊசியைப் பிடித்து வைக்க அது போதலாம். ஒரு குலுக்கலில் விட்டுவிட்டால் மறுபடி இழுக்கப் போதாது. பல வயரிங்கில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் பேலஸ்ட்டைத் தாண்டி முழு வோல்ட் காயிலுக்குப் போகும். அதனால் சாவியை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஊசி மறுபடி ஏறிவிடும், கோளாறு காணாமல் போய்விடும். வெயிலில் சிக்னலில் நின்ற வண்டி, ஒர்க்‌ஷாப்பில் குழந்தை மாதிரி ஓடுவதன் காரணம் இதுதான்.

தவறுதலாகக் காயிலின் நெகட்டிவ் முனையில் சேர்த்துவிட்டால் இன்னும் மோசம். பாயிண்ட் திறந்தாலும் சோலினாய்டு வழியே கரண்ட் எர்த் ஆகும், ஸ்பார்க் பலவீனமாகும்.

ரிலேயில் இந்தக் கணக்கு எதுவுமே வேண்டாம் என்பதால்தான் அதன் பக்கம் நிற்கிறேன். தேவை: நான்கு முனை 12 வோல்ட் ரிலே ஒன்று, ஃப்யூஸ் ஹோல்டர், 5 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ், 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு மூன்று மீட்டர். 30ஆம் முனைக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து, ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். 87ஆம் முனை சோலினாய்டுக்கு. 85 எர்த். 86க்குச் சாவி லைன், பேலஸ்ட்டுக்கு முன்பக்கத்திலிருந்து. லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாக நிறுவனம்) நிற முறையில் அது வெள்ளை வயர். பழைய வண்டியில் நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளே டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) உள்ள ரிலே என்றால் 85, 86 மாறக் கூடாது.

பச்சை வயரில், அதாவது சாவிக்குப் பின் ஃப்யூஸ் வழி வரும் லைனில், நேராகச் சேர்த்தால் ரிலே எதற்கு என்று கேட்கலாம். சோலினாய்டு இழுப்பது ஓர் ஆம்பியர் அளவுதான், நியாயமான கேள்வி. ஆனால் பழைய லூகாஸ் பெட்டியில் இருப்பது 35 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ். கார்ப் பக்கம் போகும் மெல்லிய வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால், அந்த ஃப்யூஸ் போவதற்குள் வயர் உருகிவிடும், அதுவும் பெட்ரோல் இருக்கும் இடத்தில். குறைந்தபட்சம் இடையில் தனி 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். தேய்ந்த சாவி சுவிட்சில் வோல்ட் குறையும் சிக்கல் மட்டும் அப்போதும் மிஞ்சும்.

எலக்ட்ரிக் சோக்கும் உள்ள கார்ப் என்றால் ரிலே இன்னும் பொருந்தும், ஃப்யூஸை 10 ஆம்பியராக்க வேண்டும். ஆனால் அந்த வகையில் எனக்குப் பழக்கம் குறைவு, இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். எல்.பி.ஜி. கிட் உள்ள வண்டியின் சுவிட்ச் வயரிங்கும் வேறு கதை.

எந்த வழியானாலும் எர்த்தை மறக்காதீர்கள். சோலினாய்டின் திரும்பும் பாதை கார்ப் உடம்பு, ஸ்டட், மேனிஃபோல்டு, பிளாக் வழியேதான். ரப்பர் மவுண்டில் இஞ்சினை மாற்றி உட்கார வைக்கும்போது எர்த் பட்டையைத் திரும்பப் போடாமல் விடுவது சகஜம். அப்போது ஸ்டார்ட்டர் கரண்டே ஆக்சிலேட்டர், சோக் கேபிள் வழியாகப் போய்க் கேபிள் சுடும். இஞ்சின் ஓடும்போது கார்ப் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பாசிட்டிவ் பக்கம், பேட்டரி முனைக்கும் சோலினாய்டு முனைக்கும் இடையே 0.5.

சந்தேகம் தீரவில்லை என்றால், 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஹோல்டர் உள்ள தனி வயரைச் சோலினாய்டில் முதலில் மாட்டி, மறுமுனையைப் பேட்டரியில் மாட்டி, கடைசியாக ஃப்யூஸைச் சொருகுங்கள். பொறி கார்ப் அருகே வராது. ஐடிலிங் நிலைத்தால் கோளாறு வயரிங்கில். நிலைக்காவிட்டால் ஜெட் அடைப்பு அல்லது சோலினாய்டே இறுகிவிட்டது.

ரிலேக்கு ஒரு குறை உண்டு. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில், சார்ஜ் லைட் வழியாகச் சாவி லைனுக்குப் பின்னோக்கிக் கொஞ்சம் கரண்ட் வரலாம். ரிலே ஒருமுறை இழுத்த பிறகு பிடித்து வைக்க அந்தச் சொற்பமே போதும். சாவியை எடுத்தாலும் சோலினாய்டு திறந்தே இருக்கும். ஆல்டர்னேட்டரின் ‘எல்’ முனைக்குப் போகும் வயரில் ஒரு 1என்4007 டயோடு போட்டால் தீர்ந்தது. டயோடில் உள்ள வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்க வேண்டும்.