லேத்துக்கு வி.எஃப்.டி.: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

வீட்டுப் பட்டறையில் உள்ள லேத்தின் 1.5 கிலோவாட் மும்முனை மோட்டாரை, ஒருமுனை மின்சாரத்தில் வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாக ஆறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இப்போது இருப்பது இரண்டாவது வி.எஃப்.டி. முதலாவதை வாங்கியபோது கிலோவாட்டை மட்டுமே பார்த்தேன். அது மும்முனை உள்ளீட்டுக்கென வடிவமைக்கப்பட்டது என்பதால், ஒருமுனையில் இணைத்தபோது ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் அதன் ரெக்டிஃபையரும் கெபாசிட்டர்களும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. ஆழமாகக் கடையும்போதெல்லாம் டிரிப் ஆனது. அத்தகையதை ஒருமுனையில் பயன்படுத்துவதானால் ஏறக்குறைய இரு மடங்குத் திறனுள்ளதாக எடுக்க வேண்டும். ஒருமுனை உள்ளீட்டுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குவதே மேல்.

அதற்கும் முன்பாகப் படிக்க வேண்டியது மோட்டாரின் தகடு. அதில் 230/400 வோல்ட் என்றிருந்தால், இணைப்புப் பெட்டியைத் திறந்து மோட்டார் சுருள்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து (400 வோல்ட்டுக்கானது) டெல்டா முறைக்கு (230 வோல்ட்டுக்கானது) மாற்றினால் போதும். 400/690 என்றிருந்தால், 230 வோல்ட் வி.எஃப்.டி.யால் அந்த மோட்டாரின் முழுத் திறனைப் பெற முடியாது. கெபாசிட்டர் வைத்த ஒருமுனை மோட்டாருக்குச் சாதாரண வி.எஃப்.டி. பொருந்தவே பொருந்தாது.

லேத் வேலையில் உண்மையான சோதனை குறைந்த வேகத்தில்தான். வோல்ட்டேஜையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் எளிய முறையில், 10 ஹெர்ட்ஸ் அளவில் பெரிய விட்டமுள்ள இரும்பைக் கடையும்போது என் மோட்டார் திணறி நின்றது; மோட்டாரின் மின்னோட்டத்தைக் கணித்து முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தும், சென்சார் இல்லாத வெக்டர் முறை உள்ள இரண்டாவது வி.எஃப்.டி.யில், மோட்டாரின் விவரங்களை உள்ளிட்டு ஆட்டோ டியூனிங் (வி.எஃப்.டி. தானே மோட்டாரை அளந்துகொள்வது) செய்தபின் அதே வேலை நிற்காமல் நடந்தது. ஆனாலும் 25 ஹெர்ட்ஸில் 50 ஹெர்ட்ஸ் மோட்டாரிலிருந்து கிடைப்பது பாதித் திறன்தான் என்பதை எந்த வி.எஃப்.டி.யும் மாற்றிவிடாது. குளிர்விக்கும் விசிறியும் மோட்டார் தண்டிலேயே இருப்பதால், வேகம் குறையக் குறையக் காற்றும் குறைந்து மோட்டார் சூடாகிறது. ஆகவே பெல்ட்டையும் புல்லிகளையும் கழற்றிவிடாதீர்கள். பெரிய வேக மாற்றத்துக்குப் பெல்ட், நுண்ணிய சரிசெய்தலுக்கு வி.எஃப்.டி. என்பதே எனக்கு நன்றாக ஒத்துவந்த முறை.

நிறுத்துவதைப் பற்றியும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும். கடையும் பொருளைப் பிடித்துச் சுழலும் கனமான ‘சக்’ என்ற பகுதியை ஓரிரு நொடிகளில் நிறுத்த முயன்றால், சுழற்சியின் ஆற்றல் திரும்பி வந்து, சுமார் 325 வோல்ட்டில் இருக்கும் உள் டி.சி. மின்னழுத்தத்தை உயர்த்தும், வி.எஃப்.டி. ஓவர்வோல்ட்டேஜ் காட்டி டிரிப் ஆகிவிடும். அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடும் பிரேக்கிங் ரெசிஸ்டரை இணைக்கும் முனை எல்லாச் சிறிய வி.எஃப்.டி.களிலும் இருப்பதில்லை. திருகு மரை மூலம் பொருத்தப்பட்ட சக் என்றால், விரைவாக நிறுத்தும்போது அது கழன்று வரக்கூடும் என்பதால், ரெசிஸ்டர் இருந்தும் நான் நிறுத்தும் நேரத்தை நான்கு நொடிக்குக் குறைவாக வைப்பதில்லை.

லேத்தின் பழைய ஸ்விட்சை மோட்டாருக்கும் வி.எஃப்.டி.க்கும் இடையே விடாமல், வி.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மாற்றினேன். ஓடும்போது மோட்டாருக்கும் வி.எஃப்.டி.க்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்டால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் பழுதாகலாம். மின்சாரம் போய்த் திரும்பும்போது லேத் தானாகச் சுழலாதபடி, தொடங்கவும் நிறுத்தவும் தனித்தனிப் பொத்தான்கள் கொண்ட மூன்று கம்பி முறையில் அமைத்திருக்கிறேன்.