பல வருடம் கார் ஓட்டிவிட்டு முதல் பைக்காக ஸ்ப்ளெண்டர் பிளஸ்: கோவையில் என் அனுபவம்

நாற்பதைத் தாண்டிய பிறகு முதல் பைக் வாங்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் 350 சிசி வண்டிகளின் பெயரைத்தான் சொன்னார்கள். இத்தனை வருடம் கார் ஓட்டிய ஆளுக்கு 100 சிசி பத்தாது, ஆறே மாதத்தில் சலித்துவிடும் என்று ஒரே பேச்சு. நான் வாங்கியது ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ். 97.2 சிசி, ஏறக்குறைய 8 பிஎஸ் சக்தி, நான்கு கியர், 112 கிலோ எடை. வெயில், மழை, ஆடிக் காற்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. சலிக்கவில்லை. கார் மட்டுமே ஓட்டித் தெரிந்தவர்கள் சின்ன வண்டியில்தான் தொடங்க வேண்டும் என்று இப்போது இன்னும் உறுதியாகச் சொல்வேன். காரணம் இருக்கிறது. காரில் நாம் கற்றுக்கொண்டதில் பாதி பைக்கில் அப்படியே உதவும், மீதிப் பாதியைக் கையும் காலும் மறக்க வேண்டும். அந்த மறதிக்கு நேரம் கொடுக்கிற வண்டி எடை குறைந்ததாக, கொஞ்சம் நிதானமானதாக இருப்பது நல்லது.

எனக்கு வண்டி தேவைப்பட்டது ஊருக்குள் சுற்றத்தான். ஒப்பணக்கார வீதிக்கோ டவுன்ஹால் பக்கமோ காரில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடையில் ஆகும் நேரத்தைவிட வண்டி நிறுத்த இடம் தேடும் நேரம் அதிகம்.

முதலில் லைசென்ஸ். கார் லைசென்ஸ் இருந்தால் பைக்கும் ஓட்டலாம் என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஓட்டக் கூடாது, அது தனி வகை. கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டு போட்டுக் காட்டி, இருக்கிற லைசென்சிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்.எல்.ஆர். வைத்திருக்கும்போது, சொல்லிக் கொடுக்கிற லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் உட்கார வைக்கவும் கூடாது. அந்த 30 நாளை வெறும் காத்திருப்பாகக் கழிக்காதீர்கள். கோவையைச் சுற்றி சைட் பிரித்துக் கல் நட்டு இன்னும் வீடு வராத லே-அவுட்கள் எத்தனையோ இருக்கின்றன, காலையில் அரை மணி நேரம் அங்கே ஓட்டினால் போதும்.

அங்கே முதலில் பழக வேண்டியது கிளட்ச். காரில் ஆஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி அமுக்கியபடி ஓட்டாதே, பிளேட் தேய்ந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருப்பார்கள். பைக்கில் கதை வேறு. இதில் கிளட்ச் பிளேட்டுகள் பல அடுக்காக இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கின்றன, அதனால் மெதுவாகப் போகும்போது ஆஃப் கிளட்சைத் தாராளமாகத் தாங்கும். சொல்லப்போனால் நடை வேகத்தில் வண்டி நிமிர்ந்து நிற்பதே ஆஃப் கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலேட்டர், லேசாகப் பின்பிரேக் இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிப்பதால்தான். எட்டு போடும்போது காலை ஊன்றாமல் சுற்றி வர வைப்பதும் அதுதான். கார்க்காரர்களின் இடது கால் பழக்கம் கிளட்சை மொத்தமாக அமுக்கு அல்லது மொத்தமாக விடு என்பது, அதை இடது கை விரலுக்குக் கொண்டுவந்து மெல்ல மெல்ல விடப் பழகச் சில வாரம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் கியர். காரில் நான்காவதிலிருந்து நேராக இரண்டாவதுக்கு வரலாம், சிக்னலைப் பார்த்ததும் எந்த கியரிலிருந்தும் ஒரே தட்டில் நியூட்ரலுக்குத் தள்ளிவிடலாம். பைக்கில் படி தாண்ட முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்னால் மிதித்தால் ஏறும், குதிகாலால் பின்னால் மிதித்தால் இறங்கும், நியூட்ரல் எல்லாவற்றுக்கும் அடியில். வேறு பல வண்டிகளில் ஒன்றாவது கீழே, மற்றவை மேலே, நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும், அதைத் தேடிப் பிடிப்பது புதிதாக ஓட்டுகிறவர்களுக்குத் தலைவலி. இதில் அந்தத் தேடலே இல்லை, இறக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் நியூட்ரல்தான். நான் இந்த வண்டியை எடுக்க இதுவும் ஒரு காரணம். ஒரு விஷயம் மட்டும் முக்கியம். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே கியரை இறக்கிவிட வேண்டும், நின்ற பிறகு இறக்கப் பார்த்தால் பல சமயம் விழாது, பின்னால் ஹாரன் கேட்க ஆரம்பித்துவிடும்.

பிரேக் பற்றித் தமிழ்நாட்டில் சைக்கிள் காலத்திலிருந்தே ஒரு பயம் உண்டு, முன்பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்று. இதை முதலில் மனதிலிருந்து எடுக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, அதனால் உண்மையில் வண்டியை நிறுத்துவது முன்பிரேக்தான். கணபதி பகுதியில் எனக்கு வண்டி பார்க்கிற மெக்கானிக் முதல் நாளே சொன்னார், "முன் பிரேக்கைப் பழகிக்கங்ணா, கால் பிரேக்கை மட்டும் நம்பாதீங்க" என்று. வெடுக்கென்று பிடிக்காமல் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பிடிக்க வேண்டும், வளைவிலும் மணலிலும் இன்னும் மென்மையாக. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இந்தக் கூட்டு பிரேக் ஏற்பாடு, இல்லாவிட்டால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), கட்டாயம். இருந்தாலும் அது கையால் பிடிக்கிற முன்பிரேக்குக்குப் பதில் ஆகாது. இரண்டு பக்கமும் 130 மி.மீ. டிரம் பிரேக், காரின் டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் பழகிய காலுக்கு இது நிற்கிற தூரம் அதிகமாகத் தெரியும். ஆகவே முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இடைவெளியைக் காரில் விடுவதைவிடக் கூடுதலாக விடுங்கள்.

இண்டிகேட்டர் தானாக அணையாது. காரில் ஸ்டீயரிங் நேரானதும் அணைந்துவிடும் என்பதால் நமக்கு அந்த நினைப்பே வராது, இங்கே திரும்பி முடித்ததும் கட்டை விரலால் அமுக்கி அணைக்க வேண்டும். இடது இண்டிகேட்டர் எரிந்துகொண்டே நேராகப் போனால், சந்திலிருந்து வருகிறவர் நாம் திரும்பப் போகிறோம் என்று நம்பிக் குறுக்கே வந்துவிடுவார். சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். என் வண்டியில் ஐ3எஸ் இருக்கிறது, சிக்னலில் நியூட்ரல் போட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும், கிளட்சைப் பிடித்ததும் திரும்ப ஓடும். நல்ல வசதி.

திரும்புவதில் கார்க்காரர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. நடை வேகத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி திரும்பும். 25, 30க்கு மேல் போனால் இடது பக்கம் போக இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும், வண்டி இடது பக்கம் சாய்ந்து அதுவாகவே திரும்பும். சின்ன வயதிலிருந்து ஓட்டுகிறவர்கள் இதை யோசிக்காமலே செய்கிறார்கள், நாம் யோசித்துத்தான் பழக வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும், குழியையே பார்த்துக்கொண்டிருந்தால் குழிக்குள்தான் போவோம். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

கார் ஓட்டிய அனுபவம் பெரிதாகக் கைகொடுப்பது சாலையைப் படிப்பதில். கார் டிரைவருக்கு எந்தெந்த இடம் கண்ணில் படாது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த சீட்டில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். இடது பின்பக்க மூலை தெரியாது, திரும்பும்போது முன் கண்ணாடிக்கு ஓரத்தில் இருக்கிற தூண் ஒரு பைக்கையே முழுசாக மறைத்துவிடும். ஆகவே எந்தக் காரின் பக்கவாட்டிலும் ஒட்டிக்கொண்டு போவதில்லை. ஒன்று தாண்டிப் போய்விடுவேன், இல்லாவிட்டால் கண்ணாடியில் டிரைவர் முகம் எனக்குத் தெரிகிற இடத்தில் பின்னாலேயே வருவேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் அவர் கண்ணில் நானும் இல்லை. பஸ், லாரியின் இடது பக்கச் சந்தில் நுழைவதே கிடையாது. இதை ரொம்ப அழுத்தமாகச் சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

காரில் கண்ணில் படாத தரை பைக்கில் முழுக்கக் கண்ணில் படும். ஓரத்து மணல், சிந்திய டீசல், பாதாளச் சாக்கடை மூடி, பெயின்ட் அடிக்காத வேகத்தடை. மழை ஆரம்பித்த முதல் கால் மணி நேரம் மோசமானது, தூசியும் ஆயிலும் தண்ணீரோடு கலந்து வழுக்கும், ஜீப்ரா கிராசிங் வெள்ளைக் கோடு அதைவிட வழுக்கும். தேங்கிய தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முன்னால் போன வண்டியின் தடத்திலேயே போங்கள்.

கோவைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மதுக்கரை தாண்டி வாளையார் சாலையிலும், கிணத்துக்கடவு பக்கம் பொள்ளாச்சி சாலையிலும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். காரில் ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன இழுப்பாகத் தெரிந்ததே, அதே காற்று 112 கிலோ வண்டியை ஒரு லேனின் பாதி தூரம் நகர்த்திவிடும். லாரியைத் தாண்டும்போது லாரி மறைத்திருந்த காற்று திடீரென்று வந்து அடிக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்வாக வைத்து, வேகத்தைக் குறைத்துப் போனால் சமாளிக்கலாம்.

ஹெல்மெட்டில் கஞ்சத்தனம் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட், போட்டுத் தலையை ஆட்டினால் கன்னமும் சேர்ந்து ஆடுகிற அளவு இறுக்கமாக, வாரைக் கட்டாயம் மாட்டி. 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்றாலும் ரோட்டோரத்தில் தொங்கத்தான் செய்கிறது. பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வாங்குங்கள். கூடவே கையுறையும் கணுக்காலை மூடுகிற ஷூவும். வெயிலுக்கு வலை போட்ட ஜாக்கெட் கிடைக்கிறது, ஓடும்போது காற்று உள்ளே வரும்.

செலவுக் கணக்கு மனசுக்கு நிறைவாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் இப்போது வாங்குகிறவர்களுக்கு இன்னும் லாபம். ஊருக்குள் லிட்டருக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமல் கிடைக்கிறது, டேங்க் 9.8 லிட்டர், நிரப்பினால் பங்க் பக்கம் போவதே மறந்துவிடும். ஆயில் மாற்ற ஒரு லிட்டர் கூடத் தேவையில்லை. இன்சூரன்சில் ஒன்றைக் கவனியுங்கள். புது பைக்கோடு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், ஆனால் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் கார் பாலிசியிலேயே இருந்தால் பைக்குக்கு இன்னொரு முறை எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சான்றைக் காட்டி பில்லிலிருந்து எடுக்கச் சொல்லலாம். கோட்டிங், பாலிஷ் என்று ஷோரூமில் சேர்க்கிறவற்றையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி கிடையாது என்பதும் கார்க்காரர்களுக்குப் புதுசு. டியூப்லெஸ் டயர் என்பதால் ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், பக்கத்துக் கடை வரை போய்விடலாம். வாரம் ஒரு முறை காற்று பாருங்கள், காரைவிட இதில் வித்தியாசம் உடனே தெரியும்.

நான் கார் ஓட்டுகிற விதமும் மாறியிருக்கிறது. நிறுத்தியதும் கதவை இடது கையால் திறக்கிறேன், அப்போது உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருகிற பைக் கண்ணில் படும். இரவில் எதிரே பைக் வந்தால் ஹைபீமை உடனே இறக்குகிறேன், கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியில் அந்த வெளிச்சம் எப்படி அப்புகிறது என்று இப்போது தெரியும். தேங்கிய தண்ணீரில் வேகம் குறைக்கிறேன்.

இந்த வண்டிக்கு எல்லை இருக்கிறது. 70ஐத் தாண்டினால் இன்ஜின் சிரமப்படுவது கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் தெரியும், நெடுஞ்சாலையில் ஒரு பஸ்சைத் தாண்ட நீண்ட காலி ரோடு வேண்டும், மருதமலைப் பாதையில் பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் கியரை இறக்கித்தான் ஏற வேண்டும். தினமும் திருப்பூருக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் சில மாதம் யாருடைய சின்ன வண்டியிலாவது நன்றாகப் பழகிவிட்டு, 150 சிசி பக்கம் பார்க்கலாம். 125க்கு மேல் உள்ள எல்லாப் புது வண்டியிலும் ஏபிஎஸ் உண்டு.