பில்லி ஜாக்: 1971 படமா, 1974 படமா?

அமெரிக்க நடிகர்-இயக்குநர் டாம் லாஃப்லின் 1967-ல் ஒரு படத்தில் அறிமுகப்படுத்திய பில்லி ஜாக், வியட்நாமிலிருந்து திரும்பிய போர்வீரன், பாதி நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனம். அவனை வைத்து அடுத்தடுத்து வந்த இரண்டு தொடர்ச்சிகளில் எதைப் பார்க்கலாம்?

என் ஓட்டு 1971-ன் 'பில்லி ஜாக்'குக்கே. ஐஸ்கிரீம் கடையில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பரிமாற மறுக்கிறார்கள். போதாததற்கு, ஊர்ப் பெரும்புள்ளியின் மகன் அவர்கள்மேல் மாவைக் கொட்டி 'வெள்ளையாக்குகிறான்'. பில்லி கோபத்தை அடக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அப்புறம் பூங்காவில் பூட்ஸைக் கழற்றுகிறான். எந்தக் காலால் எந்தக் கன்னத்தில் உதைக்கப்போகிறேன் என்று அந்தப் பெரும்புள்ளியிடமே சொல்லிவிட்டு, அப்படியே உதைக்கிறான். உதைகளுக்குப் பின்னால் இருந்தவர் ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் மாஸ்டர் பாங் சூ ஹான். அநியாயம் நமக்கும் உறைத்த பிறகுதான் சண்டை வருகிறது, அதனால்தான் அது வலிக்கிறது.

1974-ன் 'தி டிரையல் ஆஃப் பில்லி ஜாக்' கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பேச்சும் ஆன்மிகத் தேடலும் நீண்டுகொண்டே போகின்றன, பொறுமை வேண்டும். ஆனால் தேசியக் காவல்படை மாணவர்களைச் சுடும் காட்சியைத் தள்ளிவிட முடியாது. 1970-ல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் அப்படித்தான் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோபத்தை இவ்வளவு நேராகத் திரையில் வைக்கத் துணிவு வேண்டும். 1971 படம் பிடித்திருந்தால், ஒரு விடுமுறை நாளில் இதையும் பாருங்கள்.