தீமிதிக்கும் திடலுக்கும் ஒரு ஹேண்டிகேம்: சோனி சிஎக்ஸ்405

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405 ஹேண்டிகேம் என்ற கையடக்க வீடியோ கேமராவில் வெளி மைக் சொருகத் துளை கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. அதன் ஓரத்தில் இருக்கும் சின்னக் குமிழை நெருடி நெருடித்தான் மெனுவுக்குள் போக வேண்டும். போதாக்குறைக்கு 2015-இல் வந்த பழைய மாடல். இவ்வளவும் தெரிந்துதான் கைமாறிய ஒன்றை ஐந்நூற்றுச் சொச்சம் மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். எங்கள் வீட்டுக் காதுகுத்து, நலங்கு, பள்ளி விளையாட்டு, கோவில் திருவிழா எல்லாம் இப்போது அதில்தான். இன்றைக்கு மறுபடி வாங்கச் சொன்னாலும் அதையே வாங்குவேன்.

காரணம் தூரம். எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங், எனக்கு வேலை செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில். சுற்றிலும் தோட்டம், நடுவில் நாலு வரிசைக் கடை, அதுதான் ஊர். இங்கே படம் பிடிக்க வேண்டிய எதுவும் பக்கத்தில் நடப்பதில்லை. தமிழ்ப்பள்ளி ஓட்டப் பந்தயம் திடலின் அந்தக் கோடியில் நடக்கும், பெற்றோர் கயிற்றுக்கு வெளியே. மண்டபத்தில் மகள் ஆடினால் முதல் இரண்டு வரிசை டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கு. பெற்ற தாய்க்குத் தூண் பக்கம். தீமிதியில் பூக்குழியை நெருங்கக் கோவில் கமிட்டிக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது.

போனில் ஜூம் இழுத்தால் பெரும்பாலும் இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். இந்தக் கேமராவில் 30 மடங்கு ஜூம் லென்ஸிலேயே இருக்கிறது. 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் 26.8 மி.மீ. அகலக் கோணத்திலிருந்து 800 மி.மீட்டருக்கு மேல் போகும். தூணுக்குப் பக்கத்தில் நின்றபடியே முழு மேடையும் எடுக்கலாம், அப்படியே இழுத்தால் சலங்கை மணியும் தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, "ஏன்க்கா, என் போன்லயே 4கே வருது, இது வெறும் 1080 தானே?" என்றான். சரி, அவன் பிடித்த 4கே வீடியோவில் என் மகள் நாலாவது பிள்ளையா ஐந்தாவது பிள்ளையா என்று அவனுக்கே தெரியவில்லை. என் 1080-இல் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடவு நினைவுபடுத்துவது தெரிகிறது. அம்மா வீட்டு டிவியில், அம்மா உட்காரும் தூரத்தில், 4கேவுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு நான் மீ கோரேங் வாங்கித் தருகிறேன்.

இன்னொரு காரணம், நிறுத்தாமல் ஓடுவது. ஒரு காலத்தில் போட்டோ கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் வீடியோவை நிறுத்திவிடும். அதற்கு மேல் ஓடினால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு அதிக வரி போட்டார்கள். ஹேண்டிகேம் பிறப்பிலேயே வீடியோ கேமரா என்பதால் அந்தத் தொல்லை இல்லை. கார்டும் பேட்டரியும் இருக்கிறவரை ஓடும். நடுவில் அழைப்பு வராது, வெயிலில் சூடாகித் திரை மங்காது, "அக்கா, வாட்ஸ்அப் கொஞ்சம் பார்த்துட்டுத் தரேன்" என்று யாரும் பிடுங்கமாட்டார்கள்.

வாங்குவதைப் பற்றி. இப்படிப்பட்ட கேமராவை எங்கள் ஊர் அஞ்சடிக் கடைகளில் தேடிப் பயனில்லை. தெலுக் இந்தானிலும் விசாரித்தேன், இல்லை. ஈப்போவில் ஒரு கடையில் கிட்டத்தட்டப் புதிது மாதிரி ஒன்று இருந்தது, ஏபி செட் (முகவர் வழியாக வராமல் தனியாக இறக்குமதியானது), விலையும் நல்ல விலை. தவுக்கே (கடை முதலாளி) பையன் எடுத்து நீட்டியதும் நான் செய்த முதல் வேலை, அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தது. ஓரத்தில் சின்னதாக 60ஐ என்று போட்டிருந்தது. "இது வேற நாட்டு செட்டு" என்றேன். "சேம் சேம் லா ஆன்ட்டி, படம் வரும், சவுண்ட் வரும்" என்றான். படம் வரும், அது உண்மைதான். ஆனால் நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. 60 கணக்கில் படம் எடுக்கும் கேமராவுக்குத் தெரியும். பழைய சோக் வைத்த குழல்விளக்கு எரியும் மண்டபத்தில் எடுத்தால் வெளிச்சம் விட்டுவிட்டுத் துடிக்கும், திரையில் பட்டை பட்டையாக ஊரும். தோட்டத்து மண்டபங்களில் வேறு என்ன விளக்கு இருக்கிறது? அமெரிக்கா, ஜப்பானுக்கென்று செய்தது 60ஐ. நமக்கு 50ஐ. அந்தக் குறி கேமராவின் அடியிலேயே இருக்கும். இதை மெனுவில் மாற்றலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான் வாங்கியது கடைசியில் தெலுக் இந்தானில் ஒரு ஆசிரியையிடமிருந்து. அதில் 50ஐ போட்டிருந்தது.

கையில் எடுத்தால் இருநூறு கிராம் சொச்சம்தான். பட்டைக்குள் கை நுழைந்ததும் ஆட்காட்டி விரல் தானாக ஜூம் நெம்பில் போய் உட்காரும். மெல்ல அழுத்தினால் மெல்லப் போகும், பட்டென்று அழுத்தினால் பட்டென்று பாயும். இந்த ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். முழு ஜூமில் கை நடுக்கம் தெரியாமல் இருக்காது. ஆட்டத்தைக் குறைக்க ஆக்டிவ் ஸ்டெடிஷாட் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் கோணம் கொஞ்சம் சுருங்கும். எனவே லயத்து வீட்டு முன்னறையில் பத்துப் பேரை அடக்க வேண்டுமென்றால் சாதாரண ஸ்டெடிஷாட்டே நல்லது. திடலில் நான் காரின் கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொள்வேன். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குத் திடலின் குறுக்கே முழு ஜூம் போடாதீர்கள். புல்லிலிருந்து எழும் அனலில் ஓடும் பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி நெளிவார்கள். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. காலை ஓட்டங்களைத் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு, மதிய ஓட்டங்களுக்கு முடிவுக்கோட்டருகே போய்விடுகிறேன். ஜெண்டராத்தா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றி வரும் சின்ன ரயிலை ஒரு காலை வேளையில் எடுத்தேன். பனி விலகாத நேரம். கூண்டு வண்டிகள் ஒவ்வொன்றாக வளைவில் திரும்புவதும், மேலே கிடந்த ஒரு குலை உருண்டு ஓரத்தில் சாய்ந்து நின்றதும் அப்படியே விழுந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த ரயிலைப் பார்க்கும் அப்பா அதை மூன்று முறை போடச் சொன்னார்.

இனி ராத்திரி. இங்கேதான் விலைக்குத் தக்கபடி நடந்துகொள்கிறது. உள்ளே இருக்கும், ஒளியைப் பிடிக்கும் சென்சார் 1/5.8 அங்குல வகை. மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வரும். அவ்வளவு சின்னதில் எவ்வளவு வெளிச்சம் விழும்? இந்த அளவு சென்சார் உள்ள எந்தக் கேமராவும் இருட்டில் மணல் தூவியது போலப் படம் தரும். தீமிதியில் சிக்கல் இரட்டிப்பு. சுற்றிலும் இருட்டு, நடுவில் கங்கு. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், உடனே கங்கு வெள்ளைத் துணி விரித்தது மாதிரி ஆகிவிடும். மெனுவில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, கையால் இறக்கி, கங்கு சிவப்பாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். முகங்கள் கொஞ்சம் இருண்டு போகும். அதற்காகத்தான் குழிக்கு எந்தப் பக்கம் விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள் என்று மாலையிலேயே போய்ப் பார்த்து, நடந்து வருகிறவர் முகத்தில் அந்த வெளிச்சம் விழும் பக்கமாக இடம் பிடிக்கிறேன். ராத்திரியில் ஜூமையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இழுக்க இழுக்க லென்ஸின் வாய் சிறுத்து, முழு ஜூமில் உள்ளே வரும் ஒளி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். லோ லக்ஸ் என்று மெனுவில் இருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது ஷட்டரை விநாடியில் 25-இல் ஒரு பங்குக்கு மெதுவாக்கும். கால்கள் வேகமாகக் குழியைக் கடக்கும்போது வெறும் இழுப்பாகத்தான் தெரியும். தொட்டிலில் தூங்கும் பிள்ளையை எடுக்க அது சரி.

சத்தம் அடுத்த தலைவலி. உறுமி மேளம் பக்கத்தில் வந்தால் உள் மைக் திணறும், பேச்செல்லாம் அமுங்கிப் போகும். மைக் துளை இல்லாததால் நான் செய்வது இதுதான்: பழைய போன் ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, மேளக்காரர்களிடமிருந்து தள்ளி, ஐயர் மந்திரம் சொல்லும் பக்கமாக ஒரு தூண் மறைவில் வைத்துவிடுவேன். ஆரம்பத்தில் கேமரா முன்னால் நின்று ஒரே ஒரு கைதட்டு, பலமாக. பிறகு கணினியில் இரண்டு ஒலியிலும் அந்தத் தட்டு ஊசி போல மேலெழுந்து நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்திப் பொருத்தினால் வேலை முடிந்தது. மணிக்கணக்கில் ஓடவிட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், அதனால் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி தட்டுவேன். கோவிலில் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இது எடுப்பது சின்ன மைக்ரோ எஸ்டி. உயர்ந்த தரமான எக்ஸ்ஏவிசி எஸ் பதிவு விநாடிக்கு 50 மெகாபிட் வரை போகும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபிக்கு மேல். 64 ஜிபி கார்டு இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்தப் பதிவுக்கு 10-ஆம் வகுப்பு எஸ்டிஎக்ஸ்சி கார்டு வேண்டும், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் பேர் தெரியாத கார்டு ஆகாது. முழுத் திருவிழாவும் வேண்டுமென்றால் ஏவிசிஎச்டிக்கு மாற்றிவிடுவேன். 2006-இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த முறை அது, பாதி இடம்கூடப் பிடிக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: அதில் நீளப் பதிவுகள் துண்டு துண்டாகக் கார்டில் கிடக்கும். ஒரு துண்டை மட்டும் உருவாமல் மொத்த ஃபோல்டரையும் நகலெடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த வசதி, யாரும் அதிகம் பேசாதது: பெரிய பதிவு ஓடும்போதே 720 அளவில் ஒரு சின்ன எம்பி4-ஐயும் சேர்த்து எழுதிவிடும். நிமிடத்துக்கு 22 எம்பி அளவுதான் வரும். தம்பிக்கு அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் போய்விடும், பெரியதை நிதானமாக வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

பேட்டரி என்பி-பிஎக்ஸ்1, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் மெல்லியது. நிறுத்தி நிறுத்தி எடுத்தால் ஒரு மணி நேரத்துச் சொச்சம் ஓடும். கல்யாணத்துக்கு அது முகூர்த்தம் வரைகூடக் காணாது, கூடுதலாக ஒன்றிரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். சோனியின் ஆர்எக்ஸ்100 கேமராக்களுக்கும் இதே பேட்டரி என்பதால் சுலபமாகக் கிடைக்கிறது. கைப்பட்டைக்குள்ளேயே யூஎஸ்பி வால் ஒளிந்திருக்கிறது, தனிச் சார்ஜர் தேடி அலைய வேண்டாம். வால் ஒரு சாண்கூட இல்லை. நீட்டிக்கும் கம்பி பெட்டியில் வரும். கைமாறியதை வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் வெள்ளை நூல் படராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்டு, முள் 40-50 சதவீதத்துக்குள் நிற்கும்படி வைத்திருக்கிறேன். வாங்கும்போதும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் மூடுபனி கட்டும், துடைத்துப் பயனில்லை. பத்து நிமிடம் வெளிக்காற்றில் பையோடு கிடக்கட்டும்.

சின்ன அண்ணிக்கும் ஒன்று வேண்டுமாம். அவர் மகன் உறுமிக் குழுவில் வாசிக்கிறான், அவருக்குச் சத்தம்தான் முக்கியம். அவரிடம் இதை வாங்கச் சொல்லவில்லை. பானாசோனிக் எச்சி-வி770 பார்க்கச் சொன்னேன்: மைக் துளை இருக்கிறது, 1/2.3 அங்குல சென்சார் என்பதால் ராத்திரியில் நன்றாகத் தாங்கும், ஜூம் மட்டும் 20 மடங்கோடு நிற்கும், கையிலும் கனக்கும். அதற்கு முடியாவிட்டால் கேனன் லெக்ரியா எச்எஃப் ஆர்806, அதிலும் மைக் துளை உண்டு, ஜூம் 32 மடங்கு. இரண்டிலும் அடிப்பக்கம், பெட்டி, மெனு எல்லாம் பார்த்து 50-க்கான செட்டா என்று உறுதி செய்யச் சொல்லியிருக்கிறேன். அண்ணி இன்னும் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்; அதுவரை அவர் மகன் வாசிப்பதும் என் கேமராவில்தான் பதிவாகிறது, பழைய போனும் தூண் மறைவும் சேர்த்து.