அரைவேலை முடிந்து வரும் வால்நட் ஸ்டாக் வாங்கலாமா?

ஏர் ரைஃபிளுக்கு மர ஸ்டாக், அதாவது இரும்புப் பாகத்தைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கும் மர உடல், செய்வது எனக்குப் பல வருடப் பழக்கம். இதுவரை தடித்த பலகையை அறுத்துத்தான் செய்திருக்கிறேன். இந்த முறை, மெஷினிலேயே உருவம் வெட்டி, இரும்புப் பாகம் உட்காரும் பள்ளத்தையும் முக்கால்வாசி குடைந்து அனுப்பும் வால்நட் கட்டை ஒன்றை வாங்கினேன்.

மரத்தில் குறையே இல்லை. ஸ்டாக்கில் ரொம்ப மெலிந்த இடம் கை பிடிக்கும் கழுத்துதான், அங்கே மரத்தின் நார் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே சாய்ந்து ஓடினால் ஒரு தடவை கீழே விழுந்தாலே அந்த வழியாகப் பிளந்துவிடும். தோள்பக்கம் சுழித்து ஓடும் அழகைப் பார்த்து மயங்கி இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய. எனக்கு வந்த கட்டையில் பின்பகுதி முழுக்கப் புகை படர்ந்த மாதிரி கறுப்பு வரிகள், கழுத்தில் மட்டும் நேர் ரேகை. பலகையில் எங்கே வைத்து வெட்டுவது என்று தெரிந்த கை அது.

வந்தவுடன் உளியை எடுக்கவில்லை. வேலை செய்யும் அறையிலேயே வைத்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வாரம் ஒருமுறை எடை போட்டேன், மூன்றாவது வாரத்துக்குப் பிறகு எடை குறையவில்லை, சரி, இனி தொடலாம் என்று தொடங்கினேன்.

குறை இருந்தது பள்ளத்தில். டிரிகர் இறங்கும் குழியை ஒரு மில்லிமீட்டர் அகலமாக வெட்டிவிட்டார்கள். இறுக்கமாக விட்டிருந்தால், விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் தடவி, உள்ளே அழுத்தி எடுத்து, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பொருத்தியிருப்பேன். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி அதுதான், அது போனதில் உண்மையாகவே வருத்தம். எழுதிக் கேட்டதும் வேறு கட்டை அனுப்புகிறோம் என்றார்கள், ஆனால் இந்த மரத்தைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ஒட்டாமல் இருக்க இரும்பில் மெழுகு பூசிவிட்டு, எபாக்ஸி என்ற கெட்டியாக இறுகும் பசையை ஊற்றி இடைவெளியை அடைத்தேன். ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடும் ரைஃபிள் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைக்கும், ஸ்க்ரூ இறுக்க இறுக்க மரம் நசுங்கும், அதனால் ஸ்க்ரூ ஓட்டைகளில் சின்ன உலோகக் குழாய்களும் வைத்துவிட்டேன்.

வெளிப்பக்கம் எல்லா இடத்திலும் 3 மில்லிமீட்டர் போலக் கூடுதல் மரம் விட்டிருந்தார்கள், இதற்கு மனமார நன்றி. கன்னம் படும் மேட்டை அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பேன், கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைப்பேன், கண்ணைத் திறந்தால் பார்வை தானாக ஸ்கோப்பின் நடுவில் விழ வேண்டும். விழவில்லையென்றால் மறுபடி அரம். மூன்று மாலை போனது. கடையில் வரும் எந்த ஸ்டாக்கிலும் இந்தப் பொருத்தம் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்புறம் 220, 320 உப்புத்தாள், நடுவில் ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரைத் திரும்பத் தேய்ப்பது. வால்நட் தூசி மூக்கையும் தோலையும் உறுத்தும், முகமூடி கட்டாயம். மேலே ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பத்துப் பூச்சு ஆனது. எண்ணெய்த் துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காய வையுங்கள்.

முதல் ஸ்டாக் செய்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், வாங்குங்கள், ஆனால் கழுத்து ரேகையின் படத்தைக் கேட்டுப் பார்த்த பிறகு. நான் அடுத்ததும் இவர்களிடமே வாங்கப் போகிறேன், டிரிகர் குழியை மட்டும் வெட்டாமல் அனுப்பச் சொல்லிவிட்டேன்.