மொத்தமா, தலைக்கா, வெள்ளிக்கா?

பொருளாதாரம் வளர வளர ஒரு நாட்டின் கரிம வெளியேற்றம் எப்படி மாறுகிறது? சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மூன்று அளவுகோல்கள் இருந்தன: மொத்தம் எத்தனை டன், தலைக்கு எத்தனை டன், நாடு ஈட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலருக்கும்) எத்தனை கிராம். நான் மொத்தத்தை எடுத்துக்கொண்டேன். ஒரே நாட்டை வருஷக்கணக்கில் பின்தொடர அதுதான் தோது என்பது என் கட்சி.

தலைக்கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தியாவையும் சிங்கப்பூரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நியாயமான கணக்கு இல்லை. ஆனால் ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில், வெளிநாட்டுக்குப் போகும் எண்ணெய்யைச் சுத்திகரிக்கும்போது வரும் புகையையும் ஈசூன் குடியிருப்புப் பேட்டையின் நாலறை வீட்டுக்காரர் தலையிலேயே கட்டிவிடும். போதாததற்கு, மக்கள்தொகை 2000இல் 4 மில்லியன், 2024இல் 6 மில்லியன். ஆள் கூடினாலே சராசரி இறங்கிவிடலாம், புகை குறையாமலே.

வெள்ளிக்கணக்குதான் வில்லங்கம் பிடித்தது. பாரிஸ் ஒப்பந்தத்தை ஒட்டி 2015இல் சிங்கப்பூர் கொடுத்த முக்கிய வாக்கு இந்தக் கணக்கில்தான்: 2005ஐவிட 2030இல் 36% குறைவு. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. வெண்பலகையில் போட்டுப் பார்ப்போம். 2005இல் பொருளாதாரம் 100, புகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளாதாரம் 200 ஆகிறது. வெள்ளிக்கு 36% குறைத்தாயிற்று. 200ஐ 0.64ஆல் பெருக்கினால் 128. வாக்கும் தவறவில்லை, புகையும் 28% கூடிவிட்டது! (அந்த வாக்குறுதியில், மொத்த வெளியேற்றம் 2030ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிடுவதாக ஒரு நோக்கமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

காரணம், வகுக்கிற எண் தன் பாட்டுக்கு வளர்கிறது. வங்கிகள் நிறைந்த ஷென்டன் வே தெருவில் தொழில் செழித்தால் ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) ஏறும். ஜூரோங் தீவில் ஒரு டன்கூடக் குறைந்திருக்காது, ஆனாலும் வெள்ளிக்கணக்கு அழகாக இறங்கும். நிஜமான குறைப்பும் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2000களில் மின்நிலையங்கள் எண்ணெய்யை விட்டு, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து குழாய்வழி வந்த எரிவாயுவுக்கு மாறின. ஆனால் அது ஒருமுறைதான் செய்யக்கூடிய காரியம். இன்று மின்சாரத்தில் ஏறத்தாழ 95% எரிவாயு, அந்த வழியில் இனிக் குறைக்க அதிகமில்லை. மொத்த டன்னைப் பார்ப்பவருக்கு இது உடனே உறைக்கும். வெள்ளிக்கணக்கைப் பார்ப்பவருக்குக் கோடு இன்னும் சரிந்துகொண்டே இருக்கும்.

அரசாங்கமே 2020இல் இலக்கை மொத்த டன்னுக்கு மாற்றியது: 2030 வாக்கில் உச்சம் 65 மில்லியன். 2022இல் அதை 2030க்கு 60 மில்லியன் என்று இறக்கியது. 2035க்கு 45 முதல் 50. கரிம வரியும் டன்னுக்குத்தான்: 2019இல் 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளியேற்றும் ஆலை இந்த வரியைக் கட்ட வேண்டும், அந்த வருஷம் லாபமோ நட்டமோ. 25 வெள்ளி ஆனபோது நாலறை வீட்டுக் கட்டணத்தில் மாதம் சுமார் 4 வெள்ளி ஏறும் என்று கணக்குச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்குக் கையில் தட்டுப்படுவதும் இந்தக் கணக்குதான்.

மொத்தத்துக்கும் ஓட்டை உண்டு. 2020 போன்ற மந்த வருஷத்தில் ஆலையும் வண்டியும் ஓடாமல் டன் இறங்கினால் அதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. அதனால் ஐந்தாறு வருஷத்தைச் சேர்த்துத்தான் காட்டுகிறேன். கப்பல் எரிபொருள் இன்னொன்று. உலகில் கப்பல்களுக்கு அதிகமாக எரிபொருள் நிரப்பும் துறைமுகம் நம்முடையது, ஆண்டுக்கு 50 மில்லியன் டன்னுக்கு மேல். சர்வதேசப் பயணம் என்பதால் அது எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. அந்த விஷயத்தில் மூன்று அளவுகோலும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

இறக்குமதிப் பொருளின் புகையை வாங்குபவர் பேரில் எழுதும் நுகர்வுக் கணக்கும் இருக்கிறது. எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கும் ஊருக்கு அது பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது. வகுப்பில் நடத்திப் பார்த்ததில்லை, அதனால் போட்டியில் சேர்க்கவில்லை.