வீட்டு டயல்-அப்பில் ‘சொந்த மெயில் சர்வர்’ என்று யாராவது விற்க வந்தால்

நான்கு நாட்களுக்கு முன்பு 4,800 ரூபாயை இழந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டிலிருந்தபடி டி.டி.பி. (கணினியில் பக்க வடிவமைப்பு) வேலை செய்கிறேன், திருத்திய பக்கங்கள் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தால்தான் எனக்குக் கூலி. என்னிடம் இருப்பது டயல்-அப், அதாவது தொலைபேசி லைன் வழியே எண் சுழற்றி இணையும் இணைப்பு. கணினி பொருத்தித் தரும் ஒரு கடையில், என் கணினியிலேயே மெயில் சர்வர் (அஞ்சல்களை அனுப்பி, வாங்கும் மென்பொருள்) நிறுவித் தருவதாகவும், அதன்பின் இணைய நிறுவனத்தின் சர்வரை நம்பியிராமல் அஞ்சல்கள் நேரடியாகவே உரியவருக்குப் போகும் என்றும் சொன்னார்கள்.

நிறுவ வந்தவர் என் கண்ணெதிரே ஒரு சோதனை அஞ்சலை அனுப்பிவிட்டு, கடைக்குப் போன் செய்து, அது வந்துவிட்டதை என்னையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னார். அங்கேதான் நம்பிவிட்டேன். அந்த அஞ்சல் போனது அவர்களுடைய சொந்த சர்வருக்கு. அது எதையும் சோதிக்காமல் வாங்கிக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காபி கொடுத்து, 4,800 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்பிய மூன்று அஞ்சல்களும் 550 என்ற பிழை எண்ணுடன் திரும்பின, அதாவது வாங்க வேண்டிய சர்வரே மறுத்துவிட்டது. டயல்-அப்பில் ஒவ்வொரு முறை இணையும்போதும் நமக்கு வேறொரு ஐ.பி. எண் (இணையத்தில் நம் கணினியின் முகவரி) கிடைக்கிறது, குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் இத்தகைய எண்களைப் பயன்படுத்தியே கொட்டித் தீர்த்ததால், அவற்றைக் குப்பை அஞ்சலைத் தடுக்கும் அமைப்புகள் தொகுதி தொகுதியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன, பல சர்வர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே அஞ்சலை மறுத்துவிடுகின்றன. அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் 2003ஆம் ஆண்டிலேயே வீட்டு இணைப்புகளிலிருந்து நேரடியாக வரும் அஞ்சலை மறுக்கத் தொடங்கிவிட்டது. இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா?

முதலில் மோடம் பழுது என்றார்கள். பிறகு தொலைபேசி லைனில் இரைச்சல் என்றார்கள். நேரில் போனபோது, “அமெரிக்காக்காரன் வாங்க மாட்டேன் என்றால் நாங்கள் என்ன செய்வது, சார்?” என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார் முதலாளி. 4,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பத்தே நிமிடத்தில், என் இணைப்போடு இலவசமாகவே வந்திருந்த வெளிச்செல்லும் அஞ்சல் சர்வரின் வழியாக எல்லாம் போகும்படி அமைத்துக் கொடுத்தார். அதே அஞ்சல்கள் உடனே போய்ச் சேர்ந்தன.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. சோதனை அஞ்சலை உங்கள் வாடிக்கையாளரின் முகவரிக்கே அனுப்பச் சொல்லுங்கள். லைனைத் துண்டிக்கும் முன், அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்களின் வரிசையில் எதுவும் தேங்கவில்லை என்று பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். என் 4,800 ரூபாய்க்கு இன்றுவரை பில் தரவில்லை.